படத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள்

சிறுகடைக்கு ஓர் இணையதளம் – 6

டொமைன் பெயரையும் ஹோஸ்டிங்கையும் சென்ற வாரம் வாங்கி முடித்தோம். இனி டெம்ப்ளேட், அதாவது தளத்தின் தோற்றத்துக்கான ஆயத்த வார்ப்பு. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போட்டு விற்கும் ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. வெளியூர்க்காரர்கள் கேட்டு வாங்குவது.

டெம்ப்ளேட் தேடப் போனால் முதலில் கண்ணில் படுவது டெமோ. திரை முழுக்க ஒரே படம், பளிங்கு மேசை, ஜன்னல் வெளிச்சம். அதில் மயங்கித்தான் பலரும் பணம் கட்டுகிறார்கள். ஆனால் அந்த அழகில் பெரும்பங்கு புகைப்படக்காரருடையது. அந்த இடத்தில் நாளை வரப்போவது நீங்கள் செல்போனில் எடுத்த மிட்டாய்ப் படம். ஆகவே படம் இருக்கும் இடங்களைக் கையால் மறைத்துக்கொண்டு டெமோவைப் பாருங்கள். எழுத்தின் அளவு, வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, விலை நிற்கும் இடம், 'வாங்க' என்ற பொத்தான் என்று மிச்சம் தெரிவதுதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் டெம்ப்ளேட்.

டெம்ப்ளேட்டைத் தேடுவதற்கு முன்பே சொல்ல வேண்டியதை எழுதி வைத்துவிடுவது நல்லது. எத்தனை வகை, என்ன எடை, என்ன விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், கூரியர் எப்போது போகும். பாக்கெட் போட்ட பண்டத்தை இணையத்தில் விற்றால் அதிகபட்ச சில்லறை விலை, நிகர எடை, தயாரிப்பாளரின் பெயர், முகவரி எல்லாம் அங்கேயே தெரிய வேண்டும் என்பது சட்டம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் உண்டு. இவ்வளவுக்கும் இடம் தராத டெம்ப்ளேட் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கடைக்கு ஆகாது.

நம்மவர்கள் அதிகம் அடிபடுவது தமிழ் எழுத்தில்தான். பெரும்பாலான டெம்ப்ளேட்டுகள் ஆங்கில எழுத்தை வைத்து அளவெடுத்தவை. ஆங்கிலத்தில் சில எழுத்துகளில் முடியும் மெனுச் சொல் நமக்கு 'எங்களைப் பற்றி', 'தொடர்புகொள்ள' என்று நீளும். மெனு இரண்டு வரியாக உடைந்து, கீழே இருக்கும் தலைப்பின் மேல் ஏறும். வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் விசிறியும் உரசிக்கொள்ளும். டெம்ப்ளேட்டோடு வரும் எழுத்துருவில் தமிழே இல்லையென்றால், பார்க்கிறவர் போனில் எந்தத் தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அதுதான் தெரியும். போனுக்குப் போன் கடையின் முகம் மாறும். எனவே எழுத்துருவையும் வரி இடைவெளியையும் நாமே மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். ஆங்கில எழுத்தும் அவற்றிலேயே இருப்பதால் இரண்டும் ஒரே சாயலில் அமையும். தமிழ் படிக்கச் சிரமமாக இருக்கும் தமிழ்க்கடைத் தளத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அடுத்தது வேகம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. டெமோவின் முகவரியை கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் ஒட்டி, மொபைல் பகுதியைப் பாருங்கள். உச்சியில் நாலைந்து பெரிய படங்கள் மாறிமாறி ஓடும் டெம்ப்ளேட்டை ஒதுக்கிவிடுங்கள் என்பேன். மிட்டாய் வாங்க வந்தவர் மூன்றாவது படம் வரும்வரை காத்திருக்க மாட்டார்.

விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அதிகாரபூர்வப் பட்டியலில் இலவச டெம்ப்ளேட்டுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று மட்டும் கவனியுங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாதது வேண்டாம். காசு போட்டு வாங்க வேண்டியதைத் திருட்டுப் பிரதியாகச் சும்மா தருபவர்களிடம் போகவே போகாதீர்கள். உங்கள் வாடிக்கையாளரை வேறு தளத்துக்கு இழுத்துப்போகும் நிரலை அதற்குள் ஒளித்து வைத்திருப்பார்கள்.

தேர்வு தவறிப்போகுமோ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். வேர்ட்பிரஸில் எழுத்தும் படமும் தனியாகச் சேமிக்கப்படுகின்றன, தோற்றம் தனி. 2005-ல் வந்த 1.5 பதிப்பிலிருந்தே டெம்ப்ளேட்டை மாற்றினாலும் சரக்கு அப்படியே நிற்கும். அடைப்புக்குறிக்குள் இடும் தனக்கே உரிய குறிச்சொற்களால் பக்கத்தைக் கட்டச் சொல்லும் டெம்ப்ளேட்டிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. அதைக் கழற்றினால் பக்கம் முழுக்க அடைப்புக்குறிகள்தான் மிஞ்சும்.

அடுத்த வாரம், செல்போனிலேயே சரக்கைப் படமெடுப்பது எப்படி என்று பார்ப்போம். அதற்குள் விலைப்பட்டியலைத் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருங்கள்.