எடைக்குப் போட்டுடாதீங்க... அது ஓவியர் கைபட்ட பொக்கிஷம்! - காமிக்ஸ் மூல ஓவியங்களைத் தேடும் ரசிகர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? பர்மா தேக்குத் தூண், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம் என்று செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிய பொருள்களெல்லாம் அங்கே வரிசைகட்டி நிற்கும். ஆனால், இந்தக் கடைகளுக்குக்கூட வந்து சேராமல், நேராகப் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிடும் பொருள் ஒன்று உண்டு. பத்திரிகைகளுக்காகவும் காமிக்ஸுக்காகவும் ஓவியர்கள் கையால் வரைந்த மூல ஓவியங்கள்தான் அவை.

வெளிநாடுகளில் இவற்றைத் தேடிப் பிடித்துச் சேகரிக்க ஒரு பெரும் கூட்டமே இருக்கிறது. அதிலும் போர்க்களக் காமிக்ஸ் ரசிகர்கள் தனி ரகம். பீரங்கியின் சக்கரப்பட்டையையும் விமானத்தின் இறக்கையையும் ஓவியர் எத்தனை நுணுக்கமாக வரைந்திருக்கிறார் என்று மணிக்கணக்கில் ரசிப்பார்கள்.

ஒன்றே ஒன்றுதான்!

நாம் வாங்கும் காமிக்ஸ் புத்தகம் ஆயிரக்கணக்கான பிரதிகளில் ஒன்று. மூல ஓவியம் அப்படியல்ல. ஓவியர் பென்சிலில் கோடு போட்டு, இந்தியன் இங்க் தொட்டு வரைந்து, தப்பான இடத்தில் வெள்ளை பெயின்ட் பூசித் திருத்திய அந்தத் தாள் உலகத்திலேயே ஒன்றுதான். பெரும்பாலும் அச்சில் வருவதைவிடப் பெரிதாக வரைந்து, பிறகு சுருக்கி அச்சடிப்பார்கள். அதனால் புத்தகத்தில் தெரியாத நுணுக்கமெல்லாம் மூலத்தில் தெரியும்.

மாயாவியின் பூர்வீகம்

1972-ல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் பள்ளிப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த அந்த மாயாவி, 1962-ல் 'வேலியன்ட்' என்ற லண்டன் வார இதழில் பிறந்தவர். அவரை வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ.

'வேலியன்ட்' இதழை நடத்திய ஃப்ளீட்வே நிறுவனம்தான் 1958 முதல் 'வார் பிக்சர் லைப்ரரி' என்ற போர்க்கதை வரிசையையும் வெளியிட்டது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இத்தாலிய ஓவியர் ஹியூகோ பிராட் இந்த வரிசைக்கு வரைந்தவர். 1961-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் தொடங்கிய 'கமாண்டோ' காமிக்ஸ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அதன் அட்டைகளில் போர் விமானங்களைப் பறக்கவிட்ட இயன் கென்னடி, 2022-ல் மறையும்வரை ரசிகர்களின் செல்லப்பிள்ளை.

குப்பையும் பெட்டகமும்

அந்தக் கால பிரிட்டிஷ் நிறுவனங்களில், வரைந்து கொடுத்த ஓவியம் நிறுவனத்துக்கே சொந்தம். அச்சானதும் அதற்கு மரியாதை போய்விடும். எத்தனையோ ஓவியங்கள் குப்பைக்குப் போயின. சில, பேப்பர் வெட்டும்போது அடியில் வைக்கும் அட்டையாகவும் பயன்பட்டன என்று அங்கே பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 'டூ ஃபிஸ்டட் டேல்ஸ்', 'ஃப்ரன்ட்லைன் காம்பேட்' என்ற போர் காமிக்ஸ்களை 1950-களில் வெளியிட்ட வில்லியம் கெய்ன்ஸ் வேறு மாதிரி. தன் நிறுவனத்தின் மூல ஓவியங்களைப் பத்திரமாகப் பூட்டிவைத்தார். பல வருடங்கள் கழித்து அவை ஏலத்துக்கு வந்தபோது, வந்த பணத்தில் ஓவியர்களுக்கும் பங்கு கொடுத்தார். அந்தப் போர்க்கதைகளின் மூலப் பக்கங்கள் இன்று சேகரிப்பாளர்கள் கையில் இருக்க அந்தப் பூட்டுதான் காரணம்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் ராய் லிக்டன்ஸ்டைன் 1963-ல் வரைந்த 'வாம்!' என்ற பிரமாண்டமான ஓவியம் இருக்கிறது. ஒரு போர் விமானம் இன்னொன்றைச் சுட்டு வீழ்த்தும் காட்சி. 1962-ல் வந்த ஒரு போர் காமிக்ஸில் எர்வ் நோவிக் வரைந்த கட்டத்தைப் பார்த்து உருவானது அது. அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்ட ஓவியத்தை உலகமே அறியும். நோவிக்கின் பெயர் காமிக்ஸ் ரசிகர்களைத் தாண்டி எத்தனை பேருக்குத் தெரியும்?

மேசை டிராயரில் 28 கோடி!

ஜப்பான் சீனாவை ஆக்கிரமித்த காலத்துக் கதை, டின்டினின் 'நீலத் தாமரை'. அதன் அட்டைக்காக 1936-ல் ஹெர்ஜே வரைந்த ஓவியத்தை அச்சிட அதிகச் செலவாகும் என்று ஒதுக்கிவிட்டார்கள். அது பதிப்பாளரின் மகனான ஒரு சிறுவன் கைக்குப் போய், மடித்தபடியே பல ஆண்டுகள் டிராயரில் கிடந்தது என்கிறது ஏலத்தின்போது சொல்லப்பட்ட வரலாறு. 2021 ஜனவரியில் பாரிஸில் அது விலைபோனது 32 லட்சம் யூரோவுக்கு. அன்றைய மதிப்பில் சுமார் 28 கோடி ரூபாய்!

எல்லா ஓவியமும் கோடிகளுக்குப் போகாது. ஆனால், தூக்கிப்போட்ட பிறகு எந்த ஓவியமும் திரும்பி வராது.

நம் ஊர் நிலவரம்

செட்டிநாட்டுக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர் ஓவியர் மாருதி. தமிழ் வார இதழ்களில் அவர் வரைந்த முகங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. 2023-ல் அவர் மறைந்தார். கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள், சிவகாசி காலண்டர்களாக வீட்டுக்கு வீடு தொங்கின. அச்சுப்படிகள் லட்சக்கணக்கில் இருக்கலாம். கைபட்ட மூலங்கள் எத்தனை மிஞ்சும்?

1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழ, காடும் மலையும் நடந்தே ஊர் திரும்பிய கதைகள் செட்டிநாட்டில் குடும்பக் கதைகள். போர் இந்த ஊருக்குப் புதிதல்ல. அந்தக் காலக் கடிதம், பத்திரிகை, படம் எல்லாம் பெட்டகங்களில் தூங்குகின்றன. வீடு பங்கு பிரியும்போது தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுகிறோம். காகிதக்கட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அசலா, அச்சா? செல்போனே போதும்!

* கேமராவை நன்றாக ஜூம் செய்யுங்கள். வண்ணம் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் அச்சு. தூரிகைத் தடமும், மையின் அடர்த்தி மாற்றமும் தெரிந்தால் அசலாக இருக்கலாம்.
* மைக்கு அடியில் பென்சில் கோடு, வெள்ளைத் திருத்தம், தனியாக ஒட்டிய வசனத்தாள் ஆகியவை நல்ல அறிகுறிகள்.
* பின்பக்கத்தைப் பாருங்கள். இதழின் பெயர், தேதி, அளவுக் குறிப்பு, முத்திரை இருக்கலாம்.

பாதுகாக்க...

லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டுமே காலப்போக்கில் தாளைக் கெடுக்கும். வெயில் படும் சுவரில் மாட்டாமல், அமிலமில்லாத தாள்களுக்கு நடுவே படுக்கைவசமாக வையுங்கள். கரையான் ஏறாதபடி சுவரைவிட்டுத் தள்ளி நிற்கும் இரும்பு பீரோ நல்லது. ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்த ஊர் இது. வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், ஓவியத்தின் மேல் வைக்க வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள்

ஓவியத்தை வாங்கியதாலேயே அதை அச்சிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. இந்தியாவில் பதிப்புரிமை, ஓவியரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 53-ஏ பிரிவுப்படி, மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், பதிப்புரிமையின் முதல் உரிமையாளராக இருந்த ஓவியரோ அவர் வாரிசோ ஒரு பங்கு கேட்கலாம். அதிகபட்சம் 10 சதவிகிதம். கெய்ன்ஸ் மனமுவந்து செய்ததை, நம் சட்டம் உரிமையாகவே வைத்திருக்கிறது.

அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது, பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் கட்டை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுங்கள். கையெழுத்துடன் ஒரு படம் கிடைத்தால் முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விலை பேசுவதெல்லாம் அப்புறம்!