வீட்டுத் தோட்டத்தில் ஊதா ரோஜா: நிறம் மாறுவதன் காரணமும் பரிகாரமும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த கிராமங்களில் கிணற்றடியிலும் வாசலோரத்திலும் ரோஜாச் செடி வைப்பது நெடுநாளைய வழக்கம். இளஞ்சிவப்பு நிறமும் நல்ல மணமும் உள்ள பன்னீர் ரோஜாவை அறியாதார் இலர். இக்காலத்தில் ஊதா நிறமும் வாசனையும் ஒருங்கே பொருந்திய 'ப்ளோரிபண்டா' என்னும் கொத்து ரோஜாக்களும் விற்பனைக்கு வருகின்றன. இவற்றை விலை கொடுத்து வாங்கி நட்டவர்களிற் பலர் ஓராண்டு கழிந்தபின் கூறும் குறை ஒன்றே. ஊதாவாக இருந்த செடி வெளிறிய பூக்களையோ, இளஞ்சிவப்புப் பூக்களையோ தருகின்றது என்பதே அது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றெண்ணிச் செடியைப் பிடுங்கி எறிந்துவிடுவோரும் உண்டு. பெரும்பாலும் செடியின்மேலும் குற்றமில்லை, விற்றவர்மேலும் குற்றமில்லை. நிறம் கெடுவதற்குக் காரணங்கள் இரண்டு. அவற்றை அறிந்தால் பரிகாரமும் எளிதாகும்.

இனத்தின் வரலாறு

ப்ளோரிபண்டா என்பது, சிறு பூக்களைக் கொத்தாகத் தரும் பாலியாந்தா ரோஜாவையும் பெரும் பூக்களையுடைய கலப்புத் தேயிலை ரோஜாவையும் சேர்த்து உண்டாக்கிய வகுப்பாகும். டென்மார்க் தேசத்துப் போல்சன் குடும்பத்தார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வேலையைத் தொடங்கினர். 1924-இல் அவர்கள் வெளியிட்ட 'எல்சே போல்சன்' புகழ் பெற்றது. ஊதாச் சாயலும் மணமும் உள்ள ப்ளோரிபண்டாக்களுள், 1968-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஏஞ்சல் பேஸ்' குறிப்பிடத்தக்கது. டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கிய 'நீலாம்பரி'யும் இளம் ஊதா நிறமுள்ள ப்ளோரிபண்டாவே.

முதற் காரணம்: வெப்பத்தால் நிறம் வெளிறுதல்

சுத்தமான நீல நிறத்தைத் தரும் டெல்பினிடின் என்னும் சாயப்பொருள் ரோஜாவுக்கு இயற்கையில் இல்லை. சிவப்பு ரோஜாவில் உள்ள சயனிடின் என்னும் பொருளே, இதழின் அணுச்சாற்றின் புளிப்புக் குறைவதாலும் வேறு சில பொருள்களின் சேர்க்கையாலும் ஊதாவாகத் தோன்றுகின்றது. ஜப்பானியக் கம்பெனியொன்று வேறு பூச்செடியின் மரபுக்கூற்றை ரோஜாவிற் புகுத்தி, நீலச் சாயலுள்ள ரோஜாவை உண்டாக்கியதாக 2004-இல் அறிவித்தது. அதுவும் இளம் ஊதாவாகவே காணப்பட்டது. ஆகையால் கருநீல ரோஜா என்று காட்டி விற்கும் விதைப் பொட்டலங்களை நம்பிப் பணத்தை இழக்கலாகாது. ஒட்டு ரோஜாக்கள் விதையிலிருந்து தாய்ச்செடியைப் போன்றே முளைப்பதுமில்லை.

இச்சாயப்பொருள் குளிர்ந்த நாட்களில் இதழ்களில் மிகுதியாகவும், கடும் வெப்பத்திற் குறைவாகவும் உண்டாகும். தை, மாசி மாதங்களில் நல்ல ஊதாவாகப் பூக்கும் செடி, சித்திரை, வைகாசியில் சாம்பல் பூத்தாற்போல் வெளிறிய சிறு பூக்களையே தரும். மணம் தரும் எண்ணெய்ச் சத்தும் வெய்யிலில் விரைந்து ஆவியாகிவிடும். இவ்வெளிறலைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பருவம் மாறினால் நிறமும் மணமும் திரும்பும்.

இரண்டாவது காரணம்: வேர்ச்செடி மேலோங்குதல்

பூ வெளிறாமல், முற்றிலும் இளஞ்சிவப்பாகவே மாறினால் காரணம் வேறு. விற்பனைக்கு வரும் ஊதா ரோஜாக்களிற் பல ஒட்டுச் செடிகள். மேற்பாகம் ஊதா ரோஜா. வேர்ப்பாகம் உறுதியான வேறொரு ரோஜா. தென்னிந்திய நாற்றங்கால்களில் வேர்ச்செடியாக வழங்குவனவற்றுள் எட்வர்ட் ரோஜாவும் ஒன்று. நம் பக்கத்திற் பன்னீர் ரோஜா என வழங்குவதும் இதுவே. இது சேர்ந்த போர்போன் வகுப்பு, இக்காலத்தில் ரெயூனியோன் எனப்படும் போர்போன் தீவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. வெப்பத்தைத் தாங்கும் இவ்வேர்ச்செடி, ஒட்டுக்குக் கீழிருந்து போத்துகளை விடும். அவை செழித்து வளர்ந்து, மேலுள்ள மென்மையான ஊதா ரோஜாவுக்குச் சேர வேண்டிய ஆகாரத்தை இழுத்துக்கொள்ளும். நாளடைவில் ஊதாக் கிளைகள் மடிந்து, பன்னீர் ரோஜா மட்டும் எஞ்சும். நிறம் மாறவில்லை, செடியே மாறிவிட்டது.

ஏழு சிற்றிலைகள் இருந்தால் அது காட்டுக் கிளை என்று சிலர் கூறுவர். இது நம்பத்தக்க அடையாளமன்று. நல்ல ரோஜாக்களிலும் ஏழு சிற்றிலைகள் உண்டு. அடியிலுள்ள மண்ணைச் சற்றே விலக்கி, கிளை எங்கிருந்து புறப்படுகின்றதென்று பார்த்தலே சரியான முறை. முடிச்சுப் போன்ற ஒட்டு பாகத்துக்குக் கீழே தோன்றுமாயின் அது வேர்ச்செடியின் போத்து. அதனைத் தரைமட்டத்தில் நறுக்கினால் அடிக்கண்களிலிருந்து பல கிளைகள் மீண்டும் எழும். ஆதலால் இளம் பருவத்திலேயே, தோன்றிய இடத்தோடு கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இவ்வாறு கவனித்தல் நலம்.

இடம், மண், தண்ணீர்

காலை வெய்யில் ஐந்து அல்லது ஆறு மணி நேரம் விழுவதும், பிற்பகலில் நிழல் படிவதுமான வீட்டின் கீழ்ப்புறமே ஏற்ற இடம். மரத்தின் வேர் ஓடும் இடம் ஆகாது.

தொண்டமாநத்தம், சேதராப்பட்டு முதலிய ஊர்களின் செம்மண்ணில் தண்ணீர் எளிதில் வடியும். அங்கு எரு அதிகமாக வேண்டும். பாகூர் ஏரிப் பாசனப் பகுதியின் களிமண் நெல்லுக்கு உகந்தது. ரோஜாவின் வேரோ தேங்கிய நீரில் அழுகும். அங்கு ஒன்றரை அடி உயரம் மேடு கட்டி, மணலும் மக்கிய எருவும் கலந்து நடுதல் வேண்டும். வில்லியனூர்க் குயவர்கள் செய்யும் சுடுமண் தொட்டிகளிலும் நடலாம். மண் தொட்டியின் புறத்தே நீர் கசிந்து ஆவியாவதால் வேர்கள் குளிர்ச்சியாயிருக்கும். தொட்டி ஓரடி ஆழத்துக்குக் குறையாமலும், அடியில் துவாரமுள்ளதாகவும் இருக்க வேண்டும்.

ரோஜா உப்பைத் தாங்காத செடி. கடலையடுத்த கிருமாம்பாக்கம், மணப்பட்டு போன்ற ஊர்களில் உவர்ப்பான கிணற்று நீரை ஊற்றினால் இலையோரம் கருகும். தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பொருக்குப் படியும். இவ்வடையாளங்கள் தோன்றினால் கூரைமேல் விழும் மழைநீரைச் சேமித்து ஊற்றுதலே சிறந்தது. குரும்பாப்பேட்டையிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் மண், தண்ணீர்ப் பரிசோதனை பற்றி யோசனை கேட்கலாம்.

நடுதலும் எருவும்

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியில் மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புக. செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி போதும். ஒட்டு பாகம் தரைக்கு மேல் இரண்டங்குலம் தெரியும்படி நடுதல் முக்கியம். அதனைப் புதைத்துவிட்டால் போத்துகளைக் கண்டறிதல் இயலாது. வாங்கிய செடியின் வேரைச் சுற்றி இறுகியிருக்கும் தென்னை நார்க்கழிவை மெதுவாகத் தளர்த்திவிட வேண்டும்.

தளிர் விடும்வரை நாள்தோறும் தண்ணீர் விட்டு, பின்னர் மண் காய்வதைப் பார்த்து விடுக. தொட்டிச் செடிக்குக் கோடையில் நாள்தோறும் நீர் வேண்டும். தரையில் வளரும் செடியொன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழுவுரமும், கவாத்துக்குப் பின் ஒருமுறையும் ஆடியில் ஒருமுறையும் 6 கிராம் தழைச்சத்து, 12 கிராம் மணிச்சத்து, 12 கிராம் சாம்பற் சத்தும் இடலாம்.

கவாத்து

குளிர் அதிகமுள்ள தேசங்களின் கவாத்து நாட்களை இங்கு அப்படியே பின்பற்றலாகாது. நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மிகுதி. ஈரத்தில் வெட்டிய காயத்தின் வழியே நுனிக்கருகல் நோய் புகுந்து, கிளை மேலிருந்து கீழாகக் காய்ந்துவரும். ஆகவே மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில், உலர்ந்த நாளொன்றில் கவாத்துச் செய்க. நோயுற்ற கிளைகளையும் மெலிந்த கிளைகளையும் நீக்கி, மற்றவற்றில் மூன்றிலொரு பங்கை மட்டும், வெளிநோக்கிய கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும். ஏறத்தாழ 45 நாட்களில், தையின் குளிரில், நிறமும் மணமும் நிறைந்த கொத்துகள் மலரும். கோடையில் கவாத்துச் செய்யாமல், வாடிய பூக்களை மட்டும் கிள்ளி, அடியில் வைக்கோல் பரப்பிச் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

நோயும் பூச்சியும்

மழைக்காலத்தில் கரும்புள்ளி நோயால் இலைகள் மஞ்சளித்து உதிரும். உதிர்ந்தவற்றைப் பொறுக்கி எரித்து, இலை நனையாமல் அடியில் நீர் ஊற்றுக. கோடையில் இலையின் அடிப்புறத்தில் சிலந்திப்பேன் பற்றினால் தண்ணீரை வேகமாகத் தெளித்துக் கழுவுக. இதழோரம் பழுப்பாவது இலைப்பேனின் வேலை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி லிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

நிலமுடையோர் கவனத்திற்கு

ஊதாக் கொத்து ரோஜா வீட்டுக்கு அழகும் மணமும் தருவது. மாலை கட்டுவோர் உதிரிப்பூவாக வாங்குவது பெரும்பாலும் எட்வர்ட், ஆந்திரச் சிவப்பு முதலியவற்றையே. ஆதலின் ஊதா ரோஜாவை நம்பி விளைநிலத்தை மாற்றுவது உசிதமன்று. இரண்டு மூன்று செடிகளே ஒரு குடும்பத்துக்குப் போதும். வாங்கும்போது ஒட்டுச் செடியா, வேர்விட்ட குச்சிச் செடியா என்று கேட்டறிக. சொந்த வேரில் வளரும் குச்சிச் செடியில் வேற்றுப் போத்துத் தோன்றும் தொல்லை இல்லை. கிராம அதிகாரிகளும் தங்களிடம் இக்குறையைக் கொண்டுவருவோர்க்கு ஒன்றை எடுத்துச் சொல்லுதல் நலம்: பூ வெளிறினால் தை வரையிற் பொறுத்திருக்க வேண்டும், இளஞ்சிவப்பாக மாறினால், செடியைப் பிடுங்குமுன் அதன் அடியைப் பார்க்க வேண்டும். ஒட்டுக்கு மேல் ஒரு பச்சைக் கிளை எஞ்சியிருந்தாலும் அச்செடியைக் காப்பாற்றலாம்.