மண் இருக்கும்வரைதான் சோதனை

கண்ட சான்றுகளைக் கொண்டு காணாத ஒன்றுக்குத் தற்காலிகமாக முன்வைக்கப்படும் விளக்கமே கருதுகோள். எந்தச் சான்று கிடைத்தால் தான் பொய்யாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது அறிவியலுக்கு உரியதாகிறது. இதற்கான எடுத்துக்காட்டு, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறை அகழாய்வில் இருக்கிறது.

அங்கு 104, 130 செ.மீ. ஆழங்களில் எடுக்கப்பட்ட மாதிரிகள் முறையே கி.மு. 1615, கி.மு. 2172 என்று காலம் காட்டின. தமிழகத்தில் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு வழங்கியது என்ற முடிவு 2022 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. உயிர் நீங்கிய பொருளில் கார்பன்-14 என்னும் கதிரியக்க அணுக்கள் சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவதை அளந்தே இக்காலம் கணிக்கப்படுகிறது. எனவே கணிக்கப்பட்டது மாதிரியின் வயதே தவிர இரும்பின் வயதன்று. ஒரே மண்ணடுக்கில் கிடைத்தவை ஒரே காலத்தவை என்பதே இரண்டையும் இணைக்கும் கருதுகோள். மாதிரி முதுமரத்தின் கரியாக இருந்தாலோ, வேரும் வளையும் அடுக்கைக் குலைத்திருந்தாலோ அது பிழைபடும். காலம் கணிக்கப்பட்ட மட்டத்துக்குக் கீழே மேலும் 25 செ.மீ. பண்பாட்டுப் படிவு இருப்பதால், அவ்விடத்தின் புதிய கற்காலக் கட்டம் கி.மு. 2200க்கும் முற்பட்டது என்று ஊகிக்கப்பட்டுள்ளது. அதையும் அப்படிவின் மாதிரிகளே உறுதிசெய்யவோ மறுக்கவோ முடியும்.

ஆய்வுக்கூடச் சோதனையை வேண்டியபோது மீண்டும் நடத்தலாம். ஆனால் தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது என்பதால், தொல்லியல் கருதுகோளுக்குத் தோண்டப்படாத அண்டை நிலமே எஞ்சியிருக்கும் சோதனைச்சாலை. கருங்கல் குவாரிகளும் தொழிற்பேட்டைகளும் பெருகும் இம்மாவட்டத்தில், குன்றுச் சரிவுகளிலுள்ள கல்வட்டங்களும் கல்திட்டைகளும், அதாவது இரும்புக்கால ஈமச்சின்னங்கள், பதிவாகும் முன்பே அழியக்கூடும் என்பதே பெருங்கவலை. தொழில் வளர்ச்சி பிழைப்புக்கு இன்றியமையாதது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் சிவகளை அகழாய்வில் இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுசென்ற 2025ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின், இத்தகைய காலக்கணிப்புகளைப் பல இடங்களில் சரிபார்க்கும் தேவை முன்னிலும் மிகுந்துள்ளது. சரிபார்க்க வேண்டிய நிலம் குவாரிப் பள்ளமாகிவிட்டால், மயிலாடும்பாறைக் கருதுகோள் மறுக்கப்படாமலே நிலைக்கும். ஆனால் அது மெய்ப்பிக்கப்பட்டதாக ஆகாது, மறுக்க வழியற்றுப்போனதாகவே ஆகும்.