உங்களுக்குத் தெரியுமா? ஜெர்மனியைக் கலங்கடித்த மர விமானம்

இரண்டாம் உலகப் போரின் அதிவேக விமானங்களில் ஒன்று மரத்தால் செய்யப்பட்டது! பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் உருவாக்கிய ‘மஸ்கிட்டோ’தான் அது.

போர் வந்தால் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரும், மரவேலைக்காரர்கள் கை ஓய்ந்திருப்பார்கள் என்று அந்த நிறுவனம் முன்கூட்டியே கணக்குப் போட்டது. மேசை, நாற்காலி செய்துகொண்டிருந்த பட்டறைகள் விமானப் பாகங்கள் செய்யத் தொடங்கின. நடுவில் எடை குறைந்த பால்சா மரம், இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகை. உடற்பகுதியை மொச்சைக்காயைப் பிளந்ததுபோல இடம், வலம் என இரு பாதிகளாகச் செய்வார்கள். திறந்திருக்கும்போதே உள்ளே கம்பிகளையும் குழாய்களையும் பொருத்திவிட்டு, பிறகு இரண்டையும் பசையிட்டு ஒட்டுவார்கள். எவ்வளவு அழகான யோசனை!

1940 நவம்பர் 25 அன்று முதன்முதலாகப் பறந்தது. குண்டுவீச்சு ரகத்தில் தற்காப்புத் துப்பாக்கியே கிடையாது. இரண்டு மெர்லின் என்ஜின்கள், இரண்டே வீரர்கள். மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம்தான் கவசம்.

1943 ஜனவரி 30 அன்று, நாஜிகள் ஆட்சிக்கு வந்த பத்தாம் ஆண்டு விழாவில் வானொலியில் பேச ஜெர்மன் விமானப்படைத் தலைவர் ஹெர்மன் கோரிங் தயாரானார். சரியாக அந்த நேரத்தில் பட்டப்பகலில் பெர்லின் மீது வந்து குண்டு வீசின மூன்று மஸ்கிட்டோக்கள். உரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. அன்று மாலை பிரசார அமைச்சர் கோயபல்ஸ் உரைக்கும் இதே வரவேற்பு! அந்த மாலைத் தாக்குதலில் ஒரு விமானம் திரும்பவில்லை.

மொத்தம் 7,781 மஸ்கிட்டோக்கள் தயாராயின. முதல் மாதிரி விமானமான டபிள்யூ 4050, லண்டன் அருகே சாலிஸ்பரி ஹாலில் உள்ள டி ஹாவிலண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.