பாதை உண்டு, பயணம் இல்லை

2013ல் கொல்கத்தாவிலிருந்து 20 வண்டிகள் பர்மா வழியே சீனா போய்ச் சேர்ந்தன. அந்த வழியில் மோரே தமிழர்கள் இன்னமும் காத்திருக்கிறார்கள்.

கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் இருக்கும் கருணாமயி பஸ் நிலையத்துக்கு 'சர்வதேச' என்ற அடைமொழி உண்டு. 1999 ஜூனில் டாக்கா பஸ் புறப்பட்டது இங்கிருந்துதான். வரைபடத்தில் இந்தச் சாலையை அப்படியே கிழக்கே நீட்டினால் டாக்கா, சில்ஹெட், சில்சார், இம்பால், மோரே, மாண்டலே என்று போய் சீனாவின் குன்மிங்கில் முடியும்.

வரைபடத்தில் மட்டுமல்ல. 2013 பிப்ரவரி 22ஆம் தேதி வங்கதேசம், சீனா, இந்தியா, மியான்மர் ஆகிய நான்கு நாட்டுக்காரர்களும் 20 வண்டிகளில் கொல்கத்தாவிலிருந்து கிளம்பினார்கள். சுமார் 3,000 கி.மீ. கடந்து மார்ச் 5ஆம் தேதி குன்மிங் சேர்ந்தார்கள். நான்கு நாடுகளுக்கும் பொதுவான வர்த்தகப் பாதை ஒன்று சாத்தியம்தான் என்று காட்டுவதே நோக்கம்.

பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. சில்சாரிலிருந்து இம்பால் போகும் மலைப்பாதை மழைக்காலத்தில் சேற்றுக் குழம்பு. 2022 ஜூன் இறுதியில் இதே வழியிலுள்ள நோனே மாவட்டத்தில் மலை சரிந்து, ரயில் பாதை அமைத்தவர்களின் முகாமை மூடியது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இப்படிப்பட்ட இடங்களில் சாதாரணக் கார் சேற்றில் சிக்கி, சக்கரம் வெறுமனே சுழலும். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில், பின்சக்கரம் வழுக்கினால் முன்சக்கரம் இழுக்கும். செங்குத்தான இறக்கத்தில் தாழ்ந்த கியரைப் போட்டால் பிரேக்கை மிதிக்காமலே வண்டி ஊர்ந்து இறங்கும்.

இந்தப் பிரதேசத்துக்கு அந்த வித்தை புதிதல்ல. 1944-45ல் ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆவது ராணுவம் ஜப்பானியரைத் துரத்திக்கொண்டு தமு வழியாகச் சிந்த்வின் நதியைத் தாண்டியபோது ஜீப்புகளும் கூடவே போயின. போர் முடிந்த பிறகு, 1947ல், அதே வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கியது.

படைக்கு முன்பே அகதிகள் இந்த வழியை அறிவார்கள். 1942ல் பர்மா விழுந்தபோது பல பாதைகளில் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே தாயகம் திரும்பினார்கள். காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஏராளம். தமு பாதையும் அவற்றில் ஒன்று.

1962: இரண்டு கதைகள்

ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாயில் கொண்டுவந்து கொட்டி, சால்ட் லேக் சதுப்பை மேடாக்கும் வேலை தொடங்கிய ஆண்டு 1962. கொல்கத்தாவின் நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு புது ஊர் பிறந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்து வந்த தேசியமயத்தில் கடை, நிலம், சேமிப்பு எல்லாவற்றையும் பறிகொடுத்து லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். தமிழர்கள் கப்பலில் சென்னை வந்து இறங்கினார்கள். பர்மா பஜார் அப்படி எழுந்ததுதான்.

எல்லோருக்கும் சென்னை ஒத்துப்போகவில்லை. பிறந்து வளர்ந்த பர்மாவுக்கே தரைவழியாகத் திரும்பிவிடலாம் என்று ஒரு பகுதியினர் மணிப்பூர் எல்லை வரை போனார்கள். எல்லையில் தடுக்கப்பட்டார்கள். முன்னே போக முடியாமல், பின்னே திரும்ப மனமில்லாமல் மோரேயிலேயே குடிசை போட்டார்கள். குக்கி, மெய்தி, நேபாளி, பஞ்சாபி என்று பலரும் வாழும் அந்த ஊரில் தமிழ்ச் சங்கமும், கோபுரத்தோடு அங்காள பரமேஸ்வரி கோயிலும் எழுந்தன. தொண்ணூறுகளில் நாகா-குக்கி மோதலுக்குப் பின் பலர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். எஞ்சியவர்களுக்கு எல்லை வியாபாரமே சோறு.

ஆகவே சாலை என்றதும் மோரேயின் கண்கள் விரிந்ததில் வியப்பில்லை. 2001 பிப்ரவரியில் எல்லைச் சாலைகள் நிறுவனம் தமுவிலிருந்து கலேவா, கலேமியோ வரை 160 கி.மீ. நட்புறவுச் சாலையைக் கட்டிக் கொடுத்தது. பிறகு மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கி.மீ. முத்தரப்பு நெடுஞ்சாலை என்றார்கள். தமு-கலேவா வழியில் 69 பாலங்களைப் புதுப்பிப்பதும், கலேவா-யாகி இடையே 120 கி.மீ. சாலை போடுவதும் இந்தியாவின் பொறுப்பு. குறித்த கெடுக்கள் ஒவ்வொன்றாகத் தவறின. ஆனாலும் 2018 ஆகஸ்டில் மோரே-தமு எல்லை சர்வதேச நுழைவாயிலாகத் திறக்கப்பட்டபோது, பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தால் தரைவழியே போகலாம் என்ற நிலை வந்தது.

அது நிலைக்கவில்லை. 2020ல் கொரோனாவால் எல்லை மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் மீண்டும் ராணுவ ஆட்சி. சாலை போகும் சகாயிங் பிரதேசமே போர்க்களமானது. 2023 மே மாதம் மணிப்பூர் பற்றி எரிந்தது. மோரேயும் தப்பவில்லை, தீக்கு இரையானவற்றில் தமிழர் வீடுகளும் உண்டு. யாரோடும் சண்டையில்லாதவர்கள், பக்கத்து வீட்டுத் தீயில் வெந்தார்கள். எல்லையின் இருபுறமும் 16 கி.மீ. வரை மக்கள் விசா இல்லாமல் போய்வந்த ஏற்பாட்டை நிறுத்தி, 1,643 கி.மீ. எல்லைக்கும் வேலி போடப்போவதாக 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. பாதுகாப்புக்கு அது அவசியம் என்பது டெல்லியின் வாதம். காலையில் தமுவுக்குப் போய்ச் சரக்கு வாங்கி மாலையில் திரும்பிய சிறு வியாபாரிக்கு அது பிழைப்பின் மீது விழுந்த அடி.

கொல்கத்தாவிலிருந்து 12 நாளில் குன்மிங் போக முடியும் என்பதை 20 வண்டிகள் காட்டிவிட்டன. சேறு, மலை, பழைய பாலம் எல்லாவற்றுக்கும் இயந்திரத்தில் பதில் இருக்கிறது. மோரேயிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தமுவுக்கு நிம்மதியாகப் போய்வர என்ன வழி என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.