சூடானால் முரண்டு பிடிக்கும் மோட்டார்சைக்கிள்

சுவா சூ காங் அடுக்குமாடி வீடுகளின் கீழே வரிசையாக மோட்டார்சைக்கிள்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உணவு விநியோகம் செய்வோர் உட்பட பலருக்கு அந்த வண்டிதான் பிழைப்பு.

அவற்றில் ஒரு பழைய வண்டியை எடுத்துக்கொள்வோம். காலையில் பொத்தானை அழுத்தியதும் கிளம்பிவிடுகிறது. கிராஞ்சி விரைவுச்சாலையில் ஓடிவந்து, உணவங்காடி வாசலில் பத்து நிமிடம் நிறுத்தினால் மட்டும் கிளம்ப மறுக்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் பழையபடி ஓடுகிறது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் ஆறி, கோளாறு மறைந்துவிடும்! இந்தத் திருடனை எப்படிப் பிடிப்பது?

மூன்று தேவைகள்

பெட்ரோல் எஞ்சின் கிளம்ப மூன்று வேண்டும். காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலக்க வேண்டும். அந்தக் கலவை நன்கு அழுத்தப்பட வேண்டும். சரியான நேரத்தில் வலுவான தீப்பொறி எழ வேண்டும். காலையில் மூன்றுமே சரியாக இருக்கின்றன. அப்படியென்றால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வெப்பம் ஏறும்போது எது மாறுகிறது?

முதல் சந்தேகம்: பெட்ரோல்

ஓடும் வண்டியை எதிர்க்காற்று குளிர்விக்கிறது. நிறுத்தியதும் காற்று நின்றுவிடும். ஆனால் எஞ்சின் உலோகத்தில் சேர்ந்த வெப்பம் பக்கத்திலுள்ள பாகங்களுக்குப் பரவிக்கொண்டே இருக்கும். அதனால் வண்டி நின்ற பிறகுதான் கார்புரேட்டரில் சூடு இன்னும் ஏறுகிறது.

பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அவற்றில் இலேசானவை ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். கொதிக்கும் பெட்ரோல் எஞ்சினுக்குள் பொங்கி வழிந்தால், கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். ஆவிக்குமிழ்கள் குழாயை அடைத்தாலோ பெட்ரோல் போதாது. இரண்டிலும் எஞ்சின் கிளம்பாது. பெட்ரோல் வாடை பலமாக வீசினால் முதல் காரணம் என்று ஊகிக்கலாம். அப்போது ‘சோக்’கை இழுத்தால் காற்று இன்னும் குறைந்து, நிலைமை மோசமாகும்.

புதிய வண்டிகளில் பம்பு ஒன்று பெட்ரோலை அழுத்தத்திலேயே வைத்திருக்கும். பிரஷர் குக்கரில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும் அல்லவா? அதேபோல இங்கும் கொதிநிலை உயர்வதால் ஆவித் தொல்லை குறைவு.

இரண்டாவது சந்தேகம்: தீப்பொறி

தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தருவது செப்புக் கம்பி சுற்றிய காயில். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 விழுக்காடு கூடும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறினால் தடை கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். நல்ல காயில் இதைத் தாங்கும். ஆனால் உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால், சூட்டில் கம்பி விரிந்து இணைப்பு விட்டுப்போகும். ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது சந்தேகம்: அழுத்தம்

வால்வுகளுக்கு விடும் இடைவெளி பல வண்டிகளில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான், ஒரு தாளின் தடிமன். தேய்மானத்தால் அது குறைந்திருந்தால், சூட்டில் உலோகம் விரியும்போது வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் கசிந்துவிடும்.

சூட்டோடு சோதி!

ஆறிய எஞ்சினை எத்தனை முறை சோதித்தாலும் பயனில்லை. கோளாறு இருக்கும்போதே பார்க்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, அது கிளம்ப மறுக்கும் அந்த நேரத்தில் தீப்பொறியையும் காயிலின் தடையையும் எஞ்சினின் அழுத்தத்தையும் அளப்பார்.

கருவி இல்லாத காலத்திலும் இதற்கு வழி இருந்தது. தமிழ்நாட்டில் அம்பாசடர் கார் ஓட்டியவர்கள், கோடையில் கார் நின்றுவிட்டால் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போடுவார்கள். பம்பு மட்டும் குளிர்ந்து கார் கிளம்பினால், குற்றவாளி பெட்ரோல் ஆவிதான்! மற்றதையெல்லாம் அப்படியே விட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே முறை. இப்படிச் சோதிக்காமல் ஒவ்வொரு பாகமாக வாங்கி மாட்டினால் பணம்தான் கரையும்.

ஒரு எச்சரிக்கை: சூடான புகைக்குழாய் தோலைச் சுட்டுவிடும், பெட்ரோல் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். சோதனைகளைப் பெரியவர்களிடம் விடுங்கள். நீங்கள் குறிப்பேடு எடுங்கள். எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை நிமிடம் நின்றது, வாடை வந்ததா, ஆற எவ்வளவு நேரமானது என்று எழுதுங்கள்.

சிங்கப்பூரில் 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30 வரைதான் சாலையில் ஓடலாம். கார்புரேட்டர் வண்டிகள் பலவும் அவற்றோடு விடைபெறும். அதுவரை உங்கள் வீட்டில் அப்படி ஒரு வண்டி இருந்தால், மெக்கானிக்குக் கைகொடுக்கப் போவது உங்கள் குறிப்பேடுதான்.