வலை அறையில் ஒரு பிரசவக் கட்டில்

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற எங்கள் குப்பத்தில் யாரும் நிலவறை கட்டுவதில்லை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். ஆனால் நிலவறை போலவே காற்று நுழையாத ஓர் அறை எங்கள் வீட்டில் இருந்தது. அதுதான் வலை அறை. ஒரே கதவு, எலிக்கும் திருட்டுக்கும் பயந்து ஜன்னலே வைக்கவில்லை. மேலே கான்கிரீட் தளம்.

என் பெரிய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது, அந்த அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டேன். மார்கழி மாசம். வாடைக்காற்று பச்சை உடம்புக்கு ஆகாதென்று கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்தேன். குளித்து வந்தவளுக்கும் குழந்தைக்கும் சாம்பிராணி போட்டுவிட்டு, கதகதப்பாக இருக்கட்டுமென்று கரிச் சட்டியைக் கட்டிலடியிலேயே விட்டேன்.

கொஞ்ச நேரத்தில், "அம்மா, தலை சுத்துது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

"பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார் என் மாமியார். நானும் நம்பினேன். ஆனால் பிள்ளையைத் தூக்க உள்ளே போய் உட்கார்ந்த எனக்கும் தலை விண்விண்ணென்று தெறித்ததும் பயம் வந்துவிட்டது. தாயையும் பிள்ளையையும் திண்ணைக்குக் கொண்டு வந்தோம். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி.

"நல்லவேளை, வெளியே கொண்டாந்தீங்க. தூங்க விட்டிருந்தா எழுந்திருக்கவே மாட்டாங்க" என்றார் நர்ஸம்மா.

மூடிய அறையில் கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். புகை அடங்கினாலும் கனல் இருக்கும்வரை ஆபத்துதான்.

வீடு திரும்பியதும் கொத்தனாரை வரவழைத்தேன். நம்மைப் போன்ற புழுக்கமான ஊர்களில், கதவைச் சேர்க்காமல், தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பத்துக்கு ஒன்பது அடி அறைக்கு 15 சதுர அடி. கடல் பக்கச் சுவரில் 4 அடிக்கு 3 அடி ஜன்னல்; எதிரே ஏரி பக்கம், தளத்தை ஒட்டி 2 அடிக்கு ஒன்றரை அடி வென்டிலேட்டர். குளிர்ந்த காற்று கீழே நுழையும், சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். இரண்டையும் ஒரே சுவரில் வைத்தால் காற்று குறுக்கே ஓடாது. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்குமென்று மரச்சட்டம் போட்டு, கொசுவுக்கு நைலான் வலை அடித்தோம். டீசல் கேன் வெளியே போயிற்று.

நகரத்துச் சகோதரிகளே! கீழ்த்தளத்தையோ சாமான் அறையையோ படுக்கையறை ஆக்கப் போகிறீர்களா? மின்விசிறி போட்டால் போதுமென்று இருந்துவிடாதீர்கள். அது உள்ளே இருக்கிற காற்றைத்தான் சுற்றிவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தாலும், புதுக் காற்று உள்ளே வர வேறு வழி வேண்டும். கார் நிறுத்தும் இடத்தையோ ஜெனரேட்டரையோ பார்த்து அந்த வழி திறக்கக் கூடாது. கரிச் சட்டி அந்த அறைப் பக்கமே வேண்டாம்.

என் பேரன் இப்போதும் அந்த அறையில்தான் தூங்குகிறான். குளிருக்குப் போர்வை போர்த்துகிறோம். ஜன்னலை மட்டும் அடைப்பதில்லை.